பால் விடாத கீரை

கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் குந்தியிருக்கும் என் வயதுக்காரர்களே, இது உங்களுக்காகத்தான். போன மாதம் சாப்பாட்டு ஆலோசனை சொல்ல வந்த அந்த இளம் பிள்ளை நம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "சின்ன வயசில என்ன சாப்பிட்டு வளர்ந்தீங்க?" நீங்கள் மாறி மாறிச் சொன்னீர்கள். குரக்கன் பிட்டு, இறால் சொதி, எருமைத் தயிர், மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். சொல்லச் சொல்ல உங்கள் முகங்கள் நிறைந்து வந்தன. என் முறை வந்தபோது "எல்லாரையும் போலத்தான்" என்று சொல்லிவிட்டு மருந்துக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அது பொய். என் ஒன்பதாவது வயதில் ஒரு மாரிகாலம் முழுவதும் நான் எல்லாரையும் போலச் சாப்பிடவில்லை. நீங்கள் வீடு போன பிறகும் அந்த மாரிதான் மனதில் நின்றது. அதை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் என்றார்கள். காசம் என்ற சொல்லை என் முன்னால் யாரும் சொல்லவில்லை. தூரத்து ஊர் ஒன்றில் அதற்கென்றே இருந்த ஆசுபத்திரியில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா அதற்குப் பக்கத்திலேயே மரம் அரிகிற ஒரு மரக்காலையில் வேலை தேடிக்கொண்டார். டவுனில் இருந்த எங்கள் வீடு பூட்டப்பட்டது. நான் அப்பாவின் அக்கா வீட்டுக்குப் போனேன்.

மாமியின் வளவு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவையும் தாண்டித் தெற்கே, ஓரத்திலேயே இருந்தது. முன்னால் தண்ணீர். பின்னால் கண்ணுக்கெட்டிய வரை வயல். நடுவில் ஒரு அறை, ஒரு குசினி, ஒரு தாராக் கூடு. கூட்டில் பதினொரு தாராக்கள், வீட்டு வாத்துகள். அடுத்த வீடு, வாவியில் மீன் பிடிக்கிற தோணிக்காரருடையது, உரத்துக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது. மாமா இறந்து பல வருடம். ஒரு மகன் இருந்தான், அவனும் சின்னதிலேயே போய்விட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவனைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே இல்லை.

என்னைத் தோணியில் கொண்டுவந்து இறக்கிய அன்றே அப்பா திரும்பினார். போகுமுன் மாமியிடம் சொன்னார்.

"அக்கா, எனக்கெண்டு இவள் ஒருத்திதான் மிச்சம். பாத்துக்கொள்ளுங்க."

அம்மா இருக்கும்போது ஏன் இப்படிச் சொல்கிறார் என்று நான் துறையில் நின்று யோசித்தேன். மாமி என் கையைப் பிடித்தார், அவ்வளவுதான். பிடி இறுக்கமாக இருந்தது.

எட்டாம் நாள் எனக்குச் சின்னமுத்து, அந்தத் தட்டம்மை, போட்டது. மாமி வாசலில் வேப்பிலை கட்டினார். பாயில் வேப்பிலை பரப்பினார். என் பக்கத்தில் வெறும் நிலத்தில் படுத்தார். காய்ச்சலின் சூட்டில் நான் கண் விழிக்கும்போதெல்லாம் அவருடைய கை என் நெற்றியில் இருந்தது. அந்தக் கையில் எப்போதும் ஈர நெல்லின் மணம் அடிக்கும். சிவப்புத் தடிப்புகள் அடங்கி, தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்று மாமி வாசலில் நின்று தெற்குப் பக்கமாக, அம்மன் கோயில் இருக்கும் திசையில், கும்பிட்டார்.

தண்ணீர் வார்த்தால் பத்தியம் முடியும் என்பது எனக்குத் தெரியும். டவுனில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் முடிந்தது, அன்றே மீன் குழம்பு வைத்தார்கள். மாமி வீட்டில் முடியவில்லை.

காலையில் உப்பிட்ட கஞ்சி. மதியம் சோறும் கீரையும். பின்னேரம் மிஞ்சிய சோறும் மிஞ்சிய கீரையும். கீரைக்குக் குறைவே இருக்கவில்லை. பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கை என்று மாமி வேலியோரமெல்லாம் நடந்து பறித்து வருவார். அவற்றை ஆய்ந்து, கழுவி, உப்புத் தண்ணீரில் அவித்து, அப்படியே கோப்பையில் வைப்பார். தேங்காய்ப் பால் விடுவதில்லை. எண்ணெயில் வதக்குவதில்லை. மீன் இல்லை, கருவாடு இல்லை.

"எண்ணெய்ப் பசை உனக்குக் கூடாது மகள். உடம்பு இன்னும் பச்சை உடம்பு."

"எத்தின நாளைக்கு மாமி?"

"நான் சொல்லும் மட்டும்."

தாராக்கள் முட்டையிட்டன. காலையில் கூட்டைத் திறந்து, சூடு ஆறாத முட்டைகளை எடுப்பது என் வேலை. ஆனால் அந்த முட்டைகள் அம்மாவுக்கு. பத்து நாளைக்கு ஒருமுறை அப்பா வந்து, உமி பரப்பிய பெட்டியில் அடுக்கி எடுத்துப் போவார். ஒருமுறை அப்பா "நீயும் சாப்பிடுறாய்தானே" என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தார். "ஓம்" என்றேன். அம்மா சாப்பிட்டால் அம்மா சீக்கிரம் வருவார் என்பது என் கணக்கு. என் பங்கு முட்டையையும் அம்மாவே சாப்பிடட்டும்.

தோணிக்காரர் வீட்டில் பின்னேரங்களில் மணலை மீன் பொரிப்பார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் மாமி எழுந்து குசினிக் கதவைச் சாத்திவிடுவார். சாத்தினாலும் கிடுகின் இடுக்கால் மணம் வரும். நான் கீரையை மென்றுகொண்டு அந்த மணத்தை மூக்கால் தின்பேன். மாமியும் அதே கீரையைத்தான் தின்றார். மாமா போன நாளிலிருந்து அவர் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. ஆனால் அந்த மாரியில் அவர் கோப்பையிலும் பால்கறி இல்லாமல் போனதை நான் கவனித்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். வகுப்புக்கு அரைச்சுவர், கிடுகுக் கூரை. சுகாதாரம் படிப்பித்த ரீச்சர் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார். மூன்று நிறக் கட்டங்கள். ஒன்றில் சோறும் கிழங்கும் தேங்காயும், உழைக்கச் சக்தி தருவது. ஒன்றில் மீனும் முட்டையும் பருப்பும், உடம்பை வளர்ப்பது. ஒன்றில் கீரையும் பழமும், நோயிலிருந்து காப்பது. மாப்பொருள், புரதம், கொழுப்பு, விற்றமின், கனியுப்பு என்று நாங்கள் சத்தமாகச் சொல்லுவோம். எனக்கு அந்தச் சொற்கள் மிகவும் பிடித்திருந்தன. "நேத்து மூண்டு நிறத்திலயும் சாப்பிட்ட ஆக்கள் கை உயர்த்துங்க" என்று ரீச்சர் கேட்பார். எல்லாக் கைகளும் உயரும். நானும் உயர்த்துவேன். உயர்த்தாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் அம்மாவின் வருத்தம் வரை போகும். அம்மாவின் வருத்தம் தெரிந்தால் என் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

யாருக்கும் அது தெரியாமலே நான் தனித்துப் போனேன். மழை மூட்டம் கட்டிய நாட்களில் வகுப்பு மங்கலாகும். மற்றப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவார்கள். எனக்குக் கரும்பலகையும் சுவரும் ஒன்றாகக் கலந்து ஒரு சாம்பல் துணிபோலத் தெரியும். கொப்பி வெறுமையாக இருப்பதைக் கண்ட ரீச்சர் எனக்குப் படிப்பில் மனமில்லை என்று நினைத்து, கடைசி வாங்கில் தனியே இருத்திவிட்டார். அங்கிருந்து படம்கூடத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்து இருள் விழுகிற நேரத்தைச் செக்கல் என்போம். டவுன் வீட்டில் மின்விளக்கு இருந்ததால் செக்கல் என்பதை நான் அறிந்ததே இல்லை. மாமி வீட்டில் அது வந்தது. முதலில் வாவியோரக் கண்ணாப் பற்றைகள் மறையும். பிறகு வேலி. பிறகு குசினி. கடைசியில் என் கைகள். கிராமத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் நம்பினேன். பெரியவர்கள் பழக்கத்தால் நடக்கிறார்கள், எனக்கும் பழகிவிடும் என்று நினைத்தேன். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பழகவில்லை. உறியில் தலை மோதினேன். கஞ்சிப் பானையைத் தட்டி உடைத்தேன். காயவைத்திருந்த நெல்லின் மேல் ஈரக் காலோடு நடந்தேன்.

"கண்ணப் பிடரியிலயா வச்சிருக்கிறாய்?" என்று மாமி கேட்டார். ஒருநாள் முதுகில் ஒரு அடியும் விழுந்தது. அடித்தவர் அறைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

மாமிக்கும் சில வழக்கங்கள் இருந்தன. வெளிச்சம் இருக்கும்போதே சமையல், சாப்பாடு, பாத்திரம் கழுவுதல் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். செக்கலுக்கு முன் குப்பி விளக்கைக் கொளுத்திவிட்டு, வாசல் நிலையோடு முதுகைச் சாய்த்துக் குந்துவார். பிறகு எழும்புவதில்லை. அது பத்தியத்தின் சட்டங்களில் ஒன்று என்று எண்ணினேன். எழும்பாததால், தாராக்களைக் கொண்டுவருகிற வேலை எனக்கு வந்தது. பகலெல்லாம் வாவியோரத்தில் மேயும் அவற்றைப் பொழுது படும்போது ஓட்டிவந்து கூட்டில் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் நரி கொண்டுபோய்விடும்.

போகும்போது எனக்குக் கொஞ்சம் தெரியும். வரும்போது தெரியாது. ஆனால் தாராக்களுக்கு வழி தெரியும். அவை வரிசையாகக் கத்திக்கொண்டு நடக்கும். நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பேன். உண்மையில் அவைதான் என்னை ஓட்டிவந்தன. அந்த மாரியில் எனக்கு வேறு கூட்டாளி இருக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் தொடங்கிய மழை பின்னேரம்தான் விட்டது. நான் வாவிக்கரைக்குப் போனபோது வானம் முழுவதும் கருமேகம். தாராக்களைத் திரட்டிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு நாய் பாய்ந்தது. அவை சிதறி, சில தண்ணீருக்குள்ளும் சில பற்றைக்குள்ளும் போயின. நாய் துரத்திக்கொண்டு போக, சத்தமெல்லாம் தூரமாகித் தூரமாகி நின்றுவிட்டது. நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் ஆழம் என்று தெரியவில்லை. அந்த வருடம் வாவியில் முதலை கண்டதாகப் பள்ளிக்கூடத்தில் பேச்சு இருந்தது. நான் ஒரு அடியும் எடுத்து வைக்காமல் நின்றேன்.

எவ்வளவு நேரமோ, மாமியின் குரல் கேட்டது.

"புள்ள... எங்க நிக்கிறாய்?"

"இஞ்ச மாமி."

"எங்க?"

"இஞ்சதான் மாமி. தண்ணிக்குள்ள."

கால்கள் தண்ணீரை அளைந்து வரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்தது. அவருடைய சேலையின் ஈர நெல் மணம்கூட எனக்கு வந்தது. நான் கையை நீட்டினேன். சத்தம் என்னைத் தாண்டிப் போயிற்று. தாண்டி, ஆழப் பக்கமாகப் போயிற்று.

"மாமி, நான் இஞ்ச."

"எங்க புள்ள, எங்க?"

அவர் குரல் இப்போது நெஞ்சுத் தண்ணீரில் நிற்பவரின் குரல்போல மாறியிருந்தது. நான் அழுதேன். கூப்பிடக் கூப்பிட மாமி என்னிடம் வராமல் வேண்டுமென்றே அங்கால் போகிறார், கஞ்சிப் பானையை உடைத்ததற்குத் தண்டிக்கிறார் என்று நினைத்தேன். ஒன்பது வயதில் வேறு எதை நினைப்பது?

தோணிக்காரர்தான் வந்தார். வலை போட்டுவிட்டுத் திரும்பியவர் எங்கள் குரலைக் கேட்டுத் தோணியைத் திருப்பியிருக்கிறார். மாமியைத் தோளில் பிடித்துத் திருப்பினார். என்னைத் தூக்கிக் கரையில் விட்டார்.

"என்னக்கா இது? மேகம் விலகி நல்லா வெளிச்சிருக்கு. கை நீட்டினாப் பிடிக்கிற தூரத்தில ரெண்டு பேரும் நிண்டு ஒராளை ஒராள் தேடுறீங்க?"

மாமி என் தலையைத் தடவினார். பிறகு முகத்தை, தோளை, கைகளை. முழுதாக இருக்கிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நல்லா வெளிச்சிருக்கு என்று அவர் சொன்ன சொல் என்னோடு வீடு வரை வந்தது. எனக்கு ஒன்றுமே தெரியாத அந்த நேரம் அவருக்கு வெளிச்சம். அப்படியென்றால் இருள் எல்லோருக்கும் விழவில்லை.

தோணிக்காரர் சொல்லி, மூன்றாம் நாள் பின்னேரம் ஊர் மருத்துவமாது சைக்கிளில் வந்தார். ஊரில் எல்லோரும் அவரை மிஸ்ஸி என்பார்கள். கண்ணை இழுத்துப் பார்த்தார். என்ன சாப்பாடு என்று கேட்டார். மாமி ஒன்றையும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, பால் இல்லை, மச்சம் இல்லை, கீரை மட்டும் நாள் தவறாமல். மிஸ்ஸி உடனே போகவில்லை. தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, வேண்டுமென்றே செக்கல் வரை வாசலில் இருந்தார். பிறகு பேனையை நீட்டி, "இதப் பிடி பாப்பம்" என்றார். எனக்குக் குரல் வந்த திசை மட்டுமே தெரிந்தது. கையை நீட்டினேன், காற்றுதான்.

"அக்கா, நீங்க பிடிங்க."

மாமி அசையவில்லை.

"பிடிங்கக்கா."

மாமியும் கையை நீட்டியிருக்க வேண்டும். சேலை அங்குமிங்கும் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு மிஸ்ஸியின் குரல் தணிந்து வந்தது.

"எத்தின நாளா?"

"மாரி தொடங்கினதில இருந்து. வயசு போகுது, அதுதான் எண்டு நினைச்சன்."

"சொல்லயில்லையே."

"ஆரிட்டச் சொல்ற?"

அந்த இருட்டில் என் பக்கத்தில் இன்னொருவர் அத்தனை நாளும் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் எங்களை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டொக்டர் என் வெள்ளைவிழியில் காய்ந்துபோன ஒரு திட்டைக் காட்டி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பகல் வெளிச்சமும் போயிருக்கும் என்றார். அங்கேயே என் வாயில் மருந்து ஊற்றினார், மீனெண்ணெய் என்று மாமி அதைத் தொடவில்லை. ஒரு சின்னப் போத்தலில் மீனெண்ணெய்க் குளிசைகளும் கிடைத்தன. திரும்பி வந்து மிஸ்ஸி குசினி வாசலில் குந்தி, மாமிக்கு விளங்கும்படி சொன்னார்.

"நீங்க குடுத்த கீரைக்குள்ள கண்ணுக்கான சத்து இருக்கு. இல்லையெண்டு நான் சொல்லயில்ல. ஆனா அது தண்ணியில கரையாது, கொழுப்பிலதான் கரையும். பாலோ எண்ணெயோ சேராட்டி வயித்துக்கால வந்தபடியே வெளிய போயிரும். சேந்தாத்தான் உடம்பு எடுக்கும். எடுத்ததை ஈரல் சேத்து வச்சிருக்கும். ஈரல்ல இருந்து கண்ணுக்குக் கொண்டுபோறதுக்குப் புரதம் வேணும். மீன், முட்டை, பருப்பு. அதுவும் நீங்க குடுக்கயில்ல. சின்னமுத்து வந்தாச் சேத்து வச்சதெல்லாம் கரைஞ்சிரும். அதுக்குப் பிறகுதான் கூடச் சாப்பிடக் குடுக்க வேணும். நீங்க நிப்பாட்டிப் போட்டீங்க."

மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த வீட்டில் ஒருநாளும் பேசாததைப் பேசினார்.

"என்ட மகனுக்கும் சின்னமுத்துதான் மிஸ்ஸி. தண்ணி வாத்த அண்டைக்கு மீன் பொரியல் கேட்டான். அழுது அழுது கேட்டான். குடுத்தன். அடுத்த நாள் வயித்தால போகத் தொடங்கி மூண்டாம் நாள் போயிட்டான். பச்சை உடம்புக்கு எண்ணெய்ப் பலகாரம் குடுத்துச் சாகடிச்சுப் போட்டாள் எண்டு இவளின்ட மாமா வீட்டாக்கள் எல்லாரும் சொன்னவங்க. அவர் சொல்லயில்ல. ஆனா அதுக்குப் பிறகு என்னோட கதைக்கவும் இல்ல."

மிஸ்ஸி சொன்னார், "மீனால இல்லக்கா. சின்னமுத்துக்குப் பிறகு உடம்பு விட்டுப்போயிரும், அப்ப வயித்தோட்டம் பிடிக்கும். மீன் சாப்பிடாத பிள்ளைகளுக்கும் பிடிச்சிருக்கு. நான் எத்தினயோ பாத்திருக்கன். உடம்புக்குத் தேவையானதைத்தான் அவன் கேட்டிருக்கிறான். நீங்க சரியானதைத்தான் குடுத்திருக்கிறீங்க."

"அப்ப நான் குடுத்த மீனால இல்லையா?"

"இல்ல."

மாமி இன்னும் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டார். மிஸ்ஸி இன்னும் ஒருமுறை இல்லை என்றார். மாமி எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு திருவுகிற சத்தம். இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு பாதித் தேங்காய் போதும். மாமி முழுத் தேங்காயையும் திருவினார். சத்தம் நிற்கவே இல்லை. அதற்குள் மாமி அழுதாரோ என்னவோ, எங்களுக்குக் கேட்கவில்லை.

அன்று நான் தின்ற முருங்கைக்கீரைப் பால்கறியைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்ல? தொண்டையில் இறங்கும்போதே உடம்பு அதை வாங்கிக்கொள்வதுபோல் இருந்தது. முட்டையும் அவித்துத் தந்தார். பிறகு நாளுக்கு ஒன்று என்றாயிற்று.

மாமி மட்டும் மாறவில்லை. மிஸ்ஸி விடவில்லை, கேட்டார். "மச்சம் வேணாம், விடுங்க. பால் விட்ட பூசணி சாப்பிடலாம்தானே. பப்பாசிப் பழம் சாப்பிடலாம்தானே."

"இவளின்ட தாய் வீடு வரும் மட்டும் நாக்குக்கு ருசியா ஒண்டும் தொடமாட்டன் எண்டு கோயில் அம்மாளுக்கு நேந்திருக்கன்."

"அம்மாள் உங்கட கண்ணையா கேட்டவ?"

"கேட்டாக் குடுக்கத்தானே வேணும்."

சில நாட்களில் எனக்குச் செக்கல் திரும்பக் கிடைத்தது. முதலில் தாராக்கள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தன. பிறகு வேலி தெரிந்தது. மாமி சுவரைத் தடவி, நிலையைத் தடவி, வாசலில் குந்துவதும் தெரிந்தது. அதுவரை இருவருமே தடவிக்கொண்டிருந்தோம். இப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டிப்போகலாம் என்று கையைப் பிடித்தால் மாமி மெல்ல விடுவித்துக்கொள்வார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து இன்னும் வெள்ளெனவே வேலைகளை முடித்தார். பத்து அடி இடைவெளியில் இருவரும் பேச்சில்லாமல் இருந்த அந்தப் பின்னேரங்கள், எனக்குக் கண் தெரியாத பின்னேரங்களைவிடத் தனிமையானவை.

ஒருநாள் ஒரு குளிசையை ஊசியால் குத்தி, எண்ணெயை மாமியின் கஞ்சியில் பிழிந்து கலக்கினேன். மாமி வாய்வரை கொண்டுபோனார். நிறுத்தினார்.

"இது மீன், மகள்."

ஏசவில்லை. கஞ்சியைத் தாராக்களுக்கு ஊற்றினார், கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், குளித்தார். அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. உதவி செய்யப்போய் அவரைப் பட்டினி போட்டது நான்தான்.

அறுவடை முடிகிற காலத்தில் அப்பா வந்தார். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாராம். டவுன் வீட்டைத் திறந்து, கூட்டி, எனக்குப் படுக்கை போட்டாயிற்றாம். மத்தியானம் வருவதாக இருந்தவர் பஸ் பிந்திப் பின்னேரம்தான் வந்தார். மாமி என் தலையை வாரி, சட்டைகளை மடித்து, மிச்சக் குளிசைப் போத்தலை நடுவில் வைத்துக் கட்டினார். துறைக்கு வந்து சேர்ந்தபோது செக்கல் தொடங்கியிருந்தது. தோணிக்காரர் எங்களை ஏற்றித் தள்ளினார்.

கொஞ்சத் தூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். மாமி கரையில் நின்று கையை உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்தார். காற்றுக்குத் தோணி வடக்கே ஒதுங்கியிருந்தது. மாமியின் கை தெற்கே, யாருமில்லாத தண்ணீரைப் பார்த்து அசைந்தது. நான் கை காட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் குரல் வந்த பக்கம் திரும்பியிருப்பார். ஆனால் மாமி வேறு பக்கம் கை காட்டுவதை அப்பாவும் தோணிக்காரரும் பார்த்துவிடுவார்களே என்ற ஒரு கூச்சம் எனக்கு. மூட்டையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அம்மா இருக்கும் திசையைப் பார்த்து இருந்தேன்.

பிற்காலத்தில் நான் சுகாதாரம் படிப்பித்தேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். அந்த மூன்று நிறப் படத்தை எத்தனையோ வகுப்புகளில் ஒட்டியிருக்கிறேன். எந்தச் சத்து எதில் கரையும், எது எதைச் சுமந்து போகும் என்றெல்லாம் கேள்வி கொடுத்திருக்கிறேன். கை உயர்த்தச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

நான் டவுனுக்குத் திரும்பிய அந்த வருடத்து வைகாசியில் அம்மன் சடங்குக்கு நாங்கள் மூவரும் மாமி வீட்டுக்குப் போனோம். அம்மா மெலிந்துதான் இருந்தார், ஆனால் நடந்து வந்தார். மாமி அம்மாவைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். நேர்த்தி முடிந்துவிட்டது. வளவில் பூசணி படர்ந்திருந்தது, அடுப்பில் பால்கறி கொதித்தது. பொழுது பட்டபோது மாமி தடியை எடுத்துக்கொண்டு தானே தாராக்களை ஓட்டிவரப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். வேகமாக நடந்தார். வரம்பில் கிடந்த ஒரு முள்ளுக் கொப்பை எனக்கு முதல் கண்டு ஒதுக்கிவிட்டார்.

துறைக்குப் பக்கத்தில் நின்றோம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமி, அண்டைக்கு நான் தோணியில போகக்குள்ள என்னக் கண்டீங்களா?"

மாமி தாராக்களைப் பார்த்தபடி சொன்னார்.

"காணாமல் என்ன. நல்லாக் கண்டன். நீ எழும்பி நிண்டு ரெண்டு கையாலயும் காட்டினாய். விழுந்திருவாய் எண்டு உன்ட அப்பா இருத்தினவர்."

தாராக்கள் கரையேறி வரிசை பிடித்தன. நான் அவர் பக்கத்தில் நடந்தேன்.

"ஓம் மாமி," என்றேன். "ரெண்டு கையாலயும்தான்."